குறைமாதக் குழந்தையின் தைராய்டு: இரண்டாவது பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்

பினாங்கில் அரசு மருத்துவமனையில் குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடியிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதியின் குறை), பிறவித் தைராய்டு குறைபாடு இரண்டையும் அதிலேயே பார்த்துவிடுவார்கள். தைராய்டுக்கான சோதனையைச் சுகாதார அமைச்சு 1998-இல் தொடங்கிப் படிப்படியாக விரிவாக்கியது. இதற்கு விண்ணப்பம் எதுவும் போட வேண்டாம், குழந்தைக்கு ஊசி வலியும் இல்லை. தனியாரில் பிரசவம் என்றால், டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) பார்த்தார்களா என்று கேட்டு முடிவை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சுமார் 3,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இந்தக் குறைபாடு இருக்கும். பிறந்தபோது முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பிறந்த 2 வாரத்துக்குள் மருந்து தொடங்கிவிட்டால் மூளை வளர்ச்சியைக் காப்பாற்றிவிடலாம். தாமதித்தால் இழந்ததை முழுதாக மீட்க முடியாது.

37 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளுக்கு மட்டும் இந்த முதல் முடிவை நம்பி இருந்துவிடக் கூடாது. தைராய்டு சோம்பினால், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி டிஎஸ்ஹெச்சை அதிகமாகச் சுரந்து அதை விரட்டும். அந்த ஏற்றத்தைத்தான் சோதனை தேடுகிறது. குறைமாதக் குழந்தைக்கோ பிட்யூட்டரியே இன்னும் முதிர்ந்திருக்காது. விரட்ட வேண்டிய நேரத்தில் விரட்டாமல் இருக்கும், தாளில் 'நார்மல்' என்று வரும். சில வாரம் கழித்துத்தான் டிஎஸ்ஹெச் ஏறும். தீவிர சிகிச்சைப் பிரிவில் கொடுக்கும் டோபமின், ஸ்டீராய்டு மருந்துகளும் அதை அமுக்கி வைக்கும். அதனால்தான் பொதுவாக 2 முதல் 4 வாரத்துக்குள் மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்கிறார்கள். ஒரே மாதிரி இரட்டையருக்கும் இது முக்கியம். கருவில் இருவர் ரத்தமும் கலந்திருந்தால் ஒருவரின் குறை மறைந்துபோகலாம்.

இந்த இரண்டாவது தேதி பெரும்பாலும் பிள்ளைப்பேற்றுப் பத்திய மாதத்தில்தான் வந்து விழும். என் தங்கை 31 வாரத்தில் பெற்றாள். கிளினிக் தேதி வந்த அன்று அம்மா வாசலிலேயே நின்றுகொண்டு, "முப்பது கழியட்டும்மா, பிள்ளைக்குக் காத்துப் பட்டுடும்" என்றார். அம்மாவின் பயம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் குழந்தையைத் துணியில் சுற்றிக் காரில் கூட்டிப்போனோம். நீங்களும் போய்விடுங்கள், தாய் வர முடியாவிட்டால் அப்பா கொண்டுபோகட்டும். கூனிங் (மஞ்சள் காமாலை) 3 வாரத்தைத் தாண்டியும் தெளியவில்லை, பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருக்கிறது, மலச்சிக்கல் என்றால் தேதிக்கே காத்திருக்க வேண்டாம்.

முடிவில் தைராய்டு ஹார்மோன் கொஞ்சம் குறைவாக வந்தாலே மாத்திரை என்று இல்லை. குறைமாதக் குழந்தைகள் பலருக்குத் தைராய்டு ஹார்மோன் சில வாரம் தாழ்ந்திருந்து தானே சரியாகும். டாக்டர் இன்னொரு முறை பார்ப்போம் என்றால் அதை அலட்சியம் என்று நினைக்காதீர்கள்.

மாத்திரை எழுதிக் கொடுத்தால், அதன் பெயர் லெவோதைராக்ஸின். தினமும் ஒரே நேரத்தில், ஸ்பூனில் நசுக்கி இரண்டு மூன்று சொட்டுத் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்துக் கன்னத்தின் உள்பக்கம் விடுங்கள். பால் புட்டியில் கலக்காதீர்கள். குழந்தை பாதியில் தூங்கிப்போனால் மருந்தும் பாதிதான் உள்ளே போயிருக்கும். குறைமாதக் குழந்தைகளுக்கு இரும்புச் சொட்டு மருந்தும் கொடுப்பார்கள் அல்லவா? இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இரும்பு இந்த மருந்தை உடம்பில் சேர விடாது. நடுவே 4 மணி நேரம் விடுங்கள். சோயா பாலுக்கு மாற்றுவதற்கு முன்பும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். 3 வயது வரை நீங்களாக நிறுத்தவே கூடாது. அதன்பின் தேவையா என்று டாக்டர் சோதித்துப் பார்ப்பார்.

செலவு பெரிதில்லை. குடிமக்களுக்கு அரசு கிளினிக்கில் 1 வெள்ளி, நிபுணர் கிளினிக்கில் 5 வெள்ளி. குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கட்டணம் வேறு, அதனால் பிறப்புப் பத்திரத்தைச் சீக்கிரம் எடுத்துவிடுங்கள்.

அப்புறம் வளர்ச்சி. 10 வாரம் முன்னதாகப் பிறந்த குழந்தையின் 6 மாதத்தை ஏறக்குறைய 4 மாதம் என்றுதான் கணக்கிட வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு அழ வேண்டாம். அந்தக் கணக்கிலும் தலை நிற்கவில்லை, முகம் பார்த்துச் சிரிக்கவில்லை என்றால், "குறைமாதம்தானே" என்று விட்டுவிடாமல் கிளினிக்கில் தாதியிடம் சொல்லுங்கள், தைராய்டு முடிவையும் கேளுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே குழந்தையின் ரெக்கோட் புத்தகத்தில் முதல் முடிவு, இரண்டாவது பரிசோதனையின் தேதி இரண்டையும் எழுதி வாங்கிவிட்டு வார்டை விட்டுக் கிளம்புங்கள்.