கெட்ட காற்றுக்குப் பயந்து கட்டிய ஊர்

சிக்கந்தராபாத்தை ஹைதராபாத்துக்காரர்கள் இன்றும் 'லஷ்கர்' என்று சொல்வதுண்டு. படை என்று பொருள். அங்கே நடக்கும் அம்மன் திருவிழாவுக்கும் 'லஷ்கர் போனாலு' என்றுதான் பெயர். பட்டாளத்தில் டோலி தூக்கிய சுரிட்டி அப்பையா என்பவர், 1813-ல் உஜ்ஜயினிக்கு மாற்றலாகிப் போன இடத்தில், சொந்த ஊரெல்லாம் காலரா பரவுவதைக் கேட்டு வேண்டிக்கொண்டாராம். ஊர் திரும்பியதும் மகாகாளியைப் பிரதிஷ்டை செய்தார் என்கிறது கோயில் வரலாறு. அந்தக் காலத்துப் பட்டாளத்துக்கு எதிரி நாட்டுத் துப்பாக்கியைவிட நோய்தான் பெரிய எமன்.

1798-ல் நிஜாம் ஆங்கிலேயரோடு துணைப்படை ஒப்பந்தம் செய்துகொண்டார். ஹுசைன் சாகர் ஏரிக்கு வடகிழக்கே இருந்த வெட்டவெளியில் கம்பெனிப் படை கூடாரம் அடித்தது. 1806-ல் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் அது சிக்கந்தராபாத் ஆனது. சென்னை ராணுவத்தின் நிலையம் என்பதால் தமிழ்க் குடும்பங்களும் கூடவே வந்து குடியேறின.

கன்டோன்மென்ட் எனப்படும் இந்தப் படை ஊர்கள் எப்படித் திட்டமிடப்பட்டன என்பதைப் புரிந்துகொள்ள, அன்றைய மருத்துவர்களின் மூக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். அழுகும் பொருளிலிருந்தும் சதுப்பு நிலத்திலிருந்தும் எழும் நச்சு ஆவிதான் காய்ச்சலைத் தருகிறது என்று அவர்கள் உறுதியாக நம்பினார்கள். மலேரியா என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் அர்த்தம். நாற்றம் இருந்தால் நோய் இருக்கும், இல்லையென்றால் இல்லை. இதுதான் அவர்கள் கணக்கு.

இந்தியாவிலிருந்த ஆங்கிலேயப் படையில் ஆண்டுக்கு ஆயிரம் பேரில் 69 பேர் இறக்கிறார்கள் என்று 1863-ல் அரச ஆணையம் கணக்குக் காட்டியது. அதற்குப் பிறகு கட்டுமானத்தில் இந்தக் கணக்கு இன்னும் கண்டிப்பாகப் புகுந்தது. மேட்டு நிலத்தைத் தேடினார்கள். உயர்ந்த அடித்தளம் எழுப்பி, அகன்ற தாழ்வாரம், உயரமான கூரை, எதிரெதிர் ஜன்னல்கள் வைத்தார்கள். சிப்பாய்கள் தங்கும் ஒரு பாரக்ஸுக்கும் அடுத்ததற்கும் நடுவே தாராளமாக இடம் விட்டார்கள். உள்ளூர் மக்களின் பஜாரைத் தள்ளி வைத்தார்கள். காலரா வந்துவிட்டால் படையைக் கூடாரத்தோடு கிளப்பி, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக நடத்திச் செல்ல வேண்டும் என்றுகூட விதி இருந்தது.

காரணம் தவறு. ஆனாலும் பலன் ஓரளவு கிடைத்தது. சதுப்பு நிலத்தை விட்டு விலகினால் கொசுவை விட்டும் விலகுகிறோம். முகாமைக் கிளப்பிக்கொண்டு போனால், கிருமி கலந்த கிணற்றையும் விட்டுப் போகிறோம். இந்த அரைகுறை வெற்றிதான் தவறான கொள்கைக்குப் பல ஆண்டுகள் ஆயுள் கொடுத்தது என்பது என் கருத்து.

மீதிப் பாதிதான் ஆளைக் கொன்றது. மலேரியாவைப் பரப்பும் அனோஃபிலிஸ் கொசுக்களில் பல வகை, தெளிந்த நீரில்தான் முட்டையிடும். கிணறு, தொட்டி, வாய்க்கால் ஓரம் என எதுவும் போதும். அந்த நீரில் நாற்றமே கிடையாது. மூக்கை நம்பிச் சுத்தம் செய்தவர்கள் அதைத் தாண்டித்தான் நடந்தார்கள். நல்ல காற்றுக்காகத் திறந்து வைத்த பெரிய ஜன்னல்கள் இரவில் கொசுவுக்கு வழிவிட்டன.

மலேரியா எப்படிப் பரவுகிறது என்பதற்கு விடை சிக்கந்தராபாத்திலேயே கிடைத்தது. படை மருத்துவர் ரொனால்ட் ராஸ் 1895 முதல் கொசுக்களை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இடையில் காலராப் பணிக்காகப் பெங்களூருக்கும் அனுப்பப்பட்டார். அவர் முதலில் அறுத்தவையெல்லாம் தவறான இனக் கொசுக்கள். 1897 ஆகஸ்டில், இறக்கையில் புள்ளிகள் கொண்ட பழுப்புக் கொசுக்கள் கிடைத்தன. அவற்றை ஹுசேன் கான் என்ற மலேரியா நோயாளியைக் கடிக்க விட்டார். இரத்தம் குடித்த ஒவ்வொரு கொசுவுக்கும் ஹுசேன் கானுக்கு ஓர் அணா கூலி.

ஆகஸ்ட் 20. சிக்கந்தராபாத்தை ஒட்டிய பேகம்பேட்டையில் சகிக்க முடியாத புழுக்கம். அறுத்த கொசு பறந்துவிடும் என்பதால் பங்கா போட வழியில்லை. நெற்றியிலும் கையிலும் வழிந்த வியர்வையில் நுண்ணோக்கியின் திருகுகள் துருப்பிடித்திருந்தன. மிஞ்சியிருந்த ஒரே கண்ணாடியிலும் விரிசல். நான்கு நாளுக்கு முன் இரத்தம் குடித்த கொசுவின் வயிற்றுச் சுவரில், சுமார் 12 மைக்ரான் அகலத்தில், தெளிவான வட்டம் ஒன்று தெரிந்தது. அதற்குள் கருநிறத் துகள்கள்.

அந்தத் துகள்கள்தான் சாட்சி. மலேரியா ஒட்டுண்ணி நம் சிவப்பணுவுக்குள் புகுந்து ஹீமோகுளோபினைத் தின்கிறது. செரிக்காத மிச்சம் கரிய நிறமியாக அதற்குள் தங்கிவிடுகிறது. கொசுவின் சொந்தச் செல்லில் இந்த நிறமி இருக்காது. மறுநாள் இன்னொரு கொசுவை அறுத்தார். அதே வட்டங்கள், இன்னும் பெரிதாக. அப்படியென்றால் அவை உயிரோடு வளர்கின்றன.

நடப்பது இதுதான். கொசு குடிக்கும் இரத்தத்தோடு ஒட்டுண்ணியின் ஆண், பெண் வடிவங்கள் உள்ளே போகின்றன. வயிற்றில் அவை கூடுகின்றன. பிறக்கும் கரு வயிற்றுச் சுவரைத் துளைத்து, வெளிப்புறத்தில் பையாக ஒட்டிக்கொள்கிறது. ராஸ் கண்டது இந்தப் பையைத்தான். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் பை வெடித்து, ஆயிரக்கணக்கான நுண் இழைகள் கொசுவின் உடலெங்கும் பரவி, உமிழ்நீர்ச் சுரப்பியில் சேர்கின்றன. இந்தக் கடைசிக் கட்டத்தை ராஸ் 1898-ல் கல்கத்தாவில், பறவை மலேரியாவை வைத்துக் கண்டுபிடித்தார். மனித மலேரியாவிலும் இதே பாதைதான் என்று அதே ஆண்டில் இத்தாலியில் விலங்கியலாளர் கிராஸியும் அவர் குழுவினரும் காட்டினார்கள்.

1902-ல் ராஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பேகம்பேட்டையில் அவர் வேலை செய்த கட்டடம் இன்னும் நிற்கிறது. உள்ளே போகிறவர்கள் ஹுசேன் கானையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ள வேண்டும். காய்ச்சலோடு கிடந்து, அணாக் கணக்கில் கூலி வாங்கிக்கொண்டு, அந்தக் கொசுக்களுக்கு இரத்தம் கொடுத்தவர் அவர்.