டேக் ஆஃப் ஆன விமானத்த ஏன் பாதி உயரத்துல நிறுத்தி வைக்கறாங்க?

அடிக்கடி ஃப்ளைட்ல போறவங்க கூட ஒரு விஷயத்துக்கு பயப்படுவாங்க. டேக் ஆஃப் ஆகி ரெண்டு மூணு நிமிஷம் நல்லா ஏறிக்கிட்டே இருக்கும், திடீர்னு இன்ஜின் சத்தம் தணியும், மூக்கு கீழ சாயுற மாதிரி இருக்கும், சிலருக்கு வயித்த கலக்கிரும். பெரும்பாலும் அதுல ஒரு கோளாறும் கிடையாது. பைலட்டுக்கு கொடுத்த உயரம் வந்துருச்சு, அதுக்கு மேல இப்போதைக்கு ஏறக்கூடாது, ஏன்னா மேல வேற ஒரு விமானம் குறுக்க போய்க்கிட்டு இருக்கலாம்.

பெரிய ஏர்போர்ட்ல ஒவ்வொரு ரன்வேக்கும் எஸ்ஐடின்னு வழித்தடம் போட்டு வச்சிருப்பாங்க, அதாவது ஸ்டாண்டர்ட் இன்ஸ்ட்ருமென்ட் டிபார்ச்சர். எந்த பாயின்ட் வழியா போகணும், எங்க திரும்பணும், எந்த இடத்துல எவ்ளோ உயரத்துல இருக்கணும்னு எல்லாம் அதுல இருக்கும். எறங்கி வர்ற விமானத்துக்கு ஸ்டார்னு தனி வழித்தடம். ரெண்டும் எங்கயோ ஒரு இடத்துல வெட்டிக்கத்தான் செய்யும், அந்த இடத்துல ஒன்ன மேல வச்சு ஒன்ன கீழ வச்சு அனுப்புவாங்க. ஏர்போர்ட் பக்கத்து ரேடார் எல்லைக்குள்ள பக்கவாட்டுல பொதுவா 3 நாட்டிகல் மைல், அதாவது சுமார் ஐந்தரை கிலோமீட்டர் தள்ளி இருக்கணும், அந்த தூரம் இல்லன்னா உயரத்துல 1000 அடி இடைவெளி கட்டாயம். 1000 அடின்னா வெறும் 300 மீட்டர்தாங்க. ஒரு ஜெட் நிமிஷத்துக்கு 2000, 3000 அடி ஏறும், அப்போ இந்த இடைவெளி காலியாக 20, 30 செகண்ட் போதும்.

அதனாலதான் தரையில இருந்து விமானங்கள வழிநடத்துற கன்ட்ரோலர் ஒரு உயரம் சொன்னா பைலட் அதையே திருப்பி சொல்லணும், தப்பா சொன்னா கன்ட்ரோலர் உடனே திருத்தணும், காக்பிட்ல ஒருத்தர் அந்த நம்பர செட் பண்ணா இன்னொருத்தர் அத பாத்து வாய்விட்டு சொல்லணும். பாக்க சடங்கு மாதிரி தெரியும், ஆனா அந்த ஒரு நம்பர் தவறுனா என்ன ஆகும்ங்கறதுக்கு 1996 நவம்பர் 12 சாயங்காலம் நடந்தத சொல்லணும்.

டெல்லில இருந்து சவுதியாங்கற சவுதி அரேபிய ஏர்லைன்ஸோட போயிங் 747 கிளம்புது, உள்ள 312 பேர், அதுல நிறைய பேரு சவுதிக்கு வேலைக்கு போன நம்ம நாட்டுக்காரங்க. அதே நேரம் கஜகஸ்தான் ஏர்லைன்ஸோட இல்யூஷின் 76 ஒன்னு டெல்லிக்கு எறங்கி வருது, அதுல 37 பேர். அப்போ டெல்லிய சுத்தி வான்வெளியில பெரும்பகுதி விமானப்படை கையில இருந்துச்சு, பயணிகள் விமானத்துக்கு வரவும் போகவும் ஒரே வழிதான், ஒத்தையடிப் பாதையில எதிரெதிரா ரெண்டு மாட்டுவண்டி வர்ற மாதிரி. கன்ட்ரோலர் சவுதியாவ 14,000 அடியில நிக்க சொன்னாரு, அவங்களும் சரின்னு அங்கயே நின்னாங்க. கஜக் விமானத்த 15,000 அடிக்கு எறங்கி நிக்க சொன்னாரு, எதிர்ல 747 வருதுன்னும் எச்சரிச்சாரு. கணக்குப்படி பாத்தா 1000 அடி இடைவெளியில ஒன்னுக்கு மேல ஒன்னு பத்திரமா போயிருக்கணும்.

ஆனா கஜக் விமானம் 15,000ல நிக்காம எறங்கிக்கிட்டே இருந்துச்சு. அந்த விமானத்துல கன்ட்ரோலர் கூட பேசுறது ரேடியோ ஆபரேட்டர், அவருக்கு தனி உயரமானி கிடையாது, முன்னாடி இருக்கற பைலட்டோட கருவியத்தான் எட்டிப் பாக்கணும். ஆங்கிலத்துக்கு மொத்த குழுவும் அவர நம்பித்தான் இருந்தாங்க. கன்ட்ரோலருக்காவது தெரிஞ்சிருக்குமேன்னு கேப்பீங்க, அங்கதான் மனசு ரொம்ப கனத்துப் போகுது, டெல்லில அப்போ இருந்தது பிரைமரி ரேடார், அது விமானம் எந்த திசையில எவ்ளோ தூரத்துல இருக்குன்னு காட்டும், உயரத்த காட்டாது. பைலட் வாயால சொல்றதத்தான் நம்பணும். ஹரியானால சர்க்கி தாத்ரி பக்கத்துல ரெண்டும் மோதி வயல்வெளியில விழுந்துச்சு, 349 பேர்ல ஒருத்தர் கூட பிழைக்கல. நடுவானத்துல விமானங்கள் மோதுன விபத்துகள்லயே அதிகம் பேர் செத்தது இன்னைக்கும் இதுலதான்.

நீதிபதி லஹோட்டி தலைமையில விசாரணை நடந்து, கஜக் விமானம் கொடுத்த உயரத்த மீறி கீழ எறங்குனதுதான் காரணம்னு முடிவாச்சு. என்ன கேட்டா அதோட நிறுத்திக்கறது சரியில்ல, ஒரு ஆள் தப்பு பண்ணா தடுக்க ரெண்டாவது வேலியே இல்லாம வச்சிருந்தது அதவிட பெரிய குறை. அப்புறமாதான் வரவும் போகவும் தனித்தனி வழி பிரிச்சாங்க, உயரம் காட்டுற செகண்டரி ரேடார் வந்துச்சு, இந்தியாவுக்குள்ள வர்ற பெரிய விமானங்கள்ல டிகாஸ்ங்கற மோதல் தடுப்பு கருவி இருக்கணும்னு கட்டாயமாக்குனாங்க.

டிகாஸ் வேலை செய்யறது கன்ட்ரோலர நம்பி இல்ல. பயணிகள் விமானங்கள்ல டிரான்ஸ்பாண்டர்னு ஒரு கருவி இருக்கும், பக்கத்து விமானத்தோட டிகாஸ் "நீ எங்க"ன்னு சிக்னல் அனுப்புனா இது உயரத்தோட பதில் அனுப்பும், பதில் வர எடுத்த நேரத்த வச்சு தூரம், தூரம் குறையுற வேகத்த வச்சு இன்னும் எத்தன செகண்ட்ல நெருங்கும்னு கணக்கு. மொதல்ல "டிராஃபிக் டிராஃபிக்"னு எச்சரிக்கும், இன்னும் நெருங்குனா ஒரு விமானத்த ஏற சொல்லும், இன்னொன்ன எறங்க சொல்லும், ரெண்டு கருவியும் தங்களுக்குள்ள பேசி வச்சுதான் சொல்லும்.

2002 ஜூலை 1 ராத்திரி ஜெர்மனியோட உபர்லிங்கன் மேல இதுவும் பத்தாம போச்சு. ரஷ்ய டுபொலெவ் விமானத்த டிகாஸ் ஏறச் சொல்லுது, கன்ட்ரோலர் எறங்கச் சொல்றாரு, பைலட் கன்ட்ரோலர் பேச்ச கேட்டாரு, எதிர்ல வந்த டிஹெச்எல் சரக்கு விமானம் டிகாஸ் சொன்னபடி எறங்குச்சு, 71 பேர் செத்தாங்க. அதுக்கப்புறம் விதி ரொம்ப தெளிவாச்சு, டிகாஸ் உத்தரவு வந்துட்டா கன்ட்ரோலர் என்ன சொன்னாலும் டிகாஸ் சொல்றததான் செய்யணும்.

இப்போ கிளம்புற விமானத்துக்கே வர்றேன். பாரம் கம்மியா இருக்கற விமானம் வேகமா ஏறும். 6000 அடியில நிக்கச் சொல்லிருக்காங்க, மேல 7000ல இன்னொன்னு போகுதுன்னு வைங்க, எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனா நீங்க 6000ல நிக்கப் போறீங்கன்னு டிகாஸுக்கு தெரியாது, அது இப்போ இருக்கற வேகத்த மட்டும் பாத்து மோதிருவாங்கன்னு கத்தும். தேவையில்லாத இந்த அலாரத்தால ஒழுங்கா போற விமானமே வழி மாறி மூணாவது ஒரு விமானத்துக்கு பக்கத்துல போயிரலாம். அதனால கடைசி 1000 அடியில ஏறுற வேகத்த நிமிஷத்துக்கு 1500 அடிக்கு கீழ குறைச்சிருங்கன்னு பைலட்டுகளுக்கு சொல்லி வச்சிருக்காங்க, ஏர்பஸ் புது விமானங்கள்ல ஆட்டோபைலட்டே பக்கத்துல ஆள் இருக்கறத பாத்து தானா வேகத்த குறைச்சுக்கற வசதியும் வந்துருச்சு.