ஃபீட்: ஓடையா, ஊட்டா?

'என் ஃபீட் முழுக்க இதுதான் ஓடுது' என்று யாராவது சொன்னால், முகநூலையோ இன்ஸ்டாகிராமையோ சொல்கிறார் என்று புரிந்துகொள்கிறோம். 'அந்தத் தளத்துக்கு ஃபீட் இருக்கா?' என்று என்னைப் போல நிரல் எழுதிப் பிழைக்கிறவர் கேட்டால் அது ஆர்எஸ்எஸ் ஃபீட், அதாவது ஒரு தளத்தில் புதிதாக வந்தவற்றைப் பட்டியல் போட்டுத் தரும் கோப்பு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல், ஆனால் இரண்டும் வேலை செய்கிற விதம் நேர் எதிர். நல்லவேளையாகத் தமிழில் இதற்கு ஓடை, ஊட்டம் என்று இரண்டு சொற்கள் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கின்றன. இரண்டையும் இஷ்டத்துக்கு மாற்றி மாற்றிப் போடாமல் ஆளுக்கொரு வேலை கொடுத்துவிடலாம் என்பது என் கட்சி.

முதலில் ஆங்கிலச் சொல். ஃபுட் என்றால் உணவு, ஃபீட் என்றால் உணவு கொடு. பிளட் பிளீட் ஆனதும் இதே வழியில்தான், நடுவில் இருக்கும் உயிரொலி திரிந்து பெயர் வினையாகிவிடுகிறது. தமிழில் உண் என்பதிலிருந்து ஊட்டு வருகிறது, காண் என்பதிலிருந்து காட்டு வருகிற மாதிரி. ஆக, ஃபீட் என்ற வினைக்கு அச்சு அசலான தமிழ் ஊட்டு. குழந்தைக்கும் மாட்டுக்கும் ஊட்டுவதில் தொடங்கிய அந்த ஆங்கிலச் சொல் அப்புறம் இயந்திரங்களுக்குப் போனது. அரைவை இயந்திரத்தில் தானியத்தைத் தள்ளுவதும் ஃபீட், அச்சு இயந்திரத்துக்குத் தாள் கொடுப்பதும் ஃபீட். செய்தி நிறுவனங்களிடமிருந்து பத்திரிகை அலுவலகங்களுக்கு ஓயாமல் வந்து கொட்டுகிற செய்திக்கும் அதே பெயர். இணையத்துக்கு வந்தது இந்தக் கடைசிப் பொருளில்.

வந்த கதையில் நம் ஊர் வாசனை கொஞ்சம் உண்டு. 1999 மார்ச்சில், இணைய உலாவிக்குப் பெயர்போன நெட்ஸ்கேப் நிறுவனம் தன் முகப்புத் தளத்துக்காக ஆர்எஸ்எஸ் என்ற கோப்பு வடிவத்தை வெளியிட்டது. எந்தத் தளமும் தன் தலைப்புச் செய்திகளை அந்த வடிவத்தில் எழுதி வைத்தால், வாசகர் அவற்றைத் தன் முகப்பில் சேர்த்துக்கொள்ளலாம். அதை உருவாக்கிய டான் லிபி, ராமநாதன் குஹா இருவரில் குஹா சென்னை ஐஐடியில் இயந்திரப் பொறியியல் படித்தவர். அதன் பிறகு நெட்ஸ்கேப் அதைக் கைவிட்டது, ஆனால் பிள்ளையை எடுத்து வளர்க்க ஆட்கள் வரிசையில் நின்றார்கள். டேவ் வைனர் என்ற மென்பொருள்காரர் ஒரு பக்கம் இழுத்தார், 2000 டிசம்பரில் இன்னொரு குழு 1.0 என்று வேறு வடிவத்தைக் கொண்டுவந்தது. அந்தக் குழுவில் இருந்த, பின்னாளில் இணையச் செயற்பாட்டாளராகப் பெயர்பெற்ற ஆரன் சுவார்ட்ஸுக்கு அப்போது வயது 14. 2002-இல் வைனர் 2.0 வெளியிட்டார். இந்தச் சண்டையே வேண்டாம் என்று 2005 டிசம்பரில் ஆட்டம் (Atom) என்ற தனி வடிவம் ஓர் இணையத் தரநிலையாகவே வந்தது. இன்றைய படிப்பான்கள், அதாவது ஃபீடுகளைச் சேர்த்துக் காட்டும் செயலிகள், எல்லா வடிவத்தையும் படித்துவிடும் என்பதால் இந்தப் பங்காளிச் சண்டை இப்போது யாருக்கும் ஞாபகம் இல்லை.

ஆர்எஸ்எஸ் என்ற மூன்றெழுத்துக்கான விரிவும் இதற்கிடையில் மாறிக்கொண்டே இருந்தது. முதலில் ஆர்டிஎஃப் சைட் சம்மரி, அப்புறம் ரிச் சைட் சம்மரி, கடைசியில் ரியலி சிம்பிள் சிண்டிகேஷன். எழுத்துகளை வைத்துக்கொண்டு அர்த்தத்தை மட்டும் மாற்றுகிற இந்தத் திறமை அரசியல் கட்சிகளுக்குக்கூட வராது. அரசியல் என்றதும் நினைவுக்கு வருகிறது, 'நான் தினமும் ஆர்எஸ்எஸ் படிக்கிறேன்' என்று இந்தியாவில் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள், அவர் உங்கள் ஓட்டு எந்தப் பக்கம் என்று கணக்குப் போடத் தொடங்கிவிடுவார். வேறு காரணம் எதுவும் இல்லாவிட்டாலும், இதற்காகவாவது தமிழில் ஒரு பெயர் தேவை.

அந்தப் பெயர் ஓடை, அல்லது செய்தியோடை. தமிழ் வலைப்பதிவுகள் பெருகிய காலத்திலேயே வந்துவிட்ட சொல் இது. 2004-இல் தமிழ்மணம் வந்தபோது, பல பதிவுகளின் ஓடைகளை ஓரிடத்தில் சேர்த்துக் காட்டும் தளத்துக்குத் திரட்டி என்ற பெயரும் நிலைத்துவிட்டது. இரண்டுமே வலிந்து செய்த கலைச்சொல் மாதிரி தெரியாது. ஓடு என்ற வினையிலிருந்து ஓடை, நீர் ஓடும் சிறு வழி. (பழைய இலக்கியத்தில் யானையின் நெற்றிப் பட்டத்துக்கும் ஓடை என்று பெயர், அது வேறு கணக்கு.) இந்தச் சொல்லில் எனக்குப் பிடித்தது, ஃபீட் என்ற ஆங்கிலத்தை அது மொழிபெயர்க்கவே இல்லை. பொருளைப் பார்த்துப் பெயர் வைத்தவர்கள் வைத்த சொல். ஓடை அதுபாட்டுக்குப் போகும், வேண்டியவர் குடத்தை எடுத்துக்கொண்டு போய் மொள்ளலாம்.

உள்ளே திறந்து பார்த்தால் இது ஒரு சாதாரண எக்ஸ்எம்எல் கோப்பு, அதாவது தகவல்களுக்குப் பெயர்க்குறி போட்டு அடுக்கிய எழுத்துக் கோப்பு. மேலே தளத்தின் பெயர், கீழே வரிசையாக உருப்படிகள், ஒவ்வொன்றிலும் தலைப்பு, சுட்டி, வெளியான நேரம், அடையாள எண். உங்கள் படிப்பான் அரை மணிக்கொரு தடவையோ ஒரு மணிக்கொரு தடவையோ போய், 'போன தடவைக்கு அப்புறம் ஏதாவது உண்டா?' என்று கேட்கும். இல்லையென்றால் தளத்தின் வழங்கி (சர்வர்), 'மாற்றமில்லை' என்று பொருள்படும் 304 என்ற எண்ணை மட்டும் திருப்பி அனுப்பும், கோப்பைக்கூட அனுப்பாது. அவ்வளவுதான் தொழில்நுட்பம். நீங்கள் யார், எதை எத்தனை நொடி பார்த்தீர்கள் என்று கேட்க இதில் இடமே கிடையாது, வரிசையும் நேர வரிசைதான். அந்த நேரத்தையே சில தமிழ்ச் செய்தித் தளங்கள் கோட்டை விடுகின்றன என்பது தனிக்கதை. இந்திய நேரத்தை எழுதிவிட்டுப் பக்கத்தில் அதற்குரிய +0530 போடாமல், உலகப் பொது நேரத்துக்குரிய +0000 போடுகிறார்கள், செய்தி ஐந்தரை மணி நேரம் எதிர்காலத்திலிருந்து வந்து பட்டியலின் உச்சியில் உட்கார்ந்துகொள்கிறது. தேர்தல் முடிவு நாளில் இதைப் பார்க்க வேண்டும், எண்ணிக்கை நடக்கும்போதே நள்ளிரவுச் செய்தி வந்திருக்கும்.

இதிலேயே இன்னொரு லாபமும் உண்டு. செய்தித் தளம் தலைப்பைச் சத்தமில்லாமல் மாற்றினால், பல இடங்களில் அடையாள எண்ணும் சேர்ந்து மாறிவிடும். படிப்பான் அதைப் புதுச் செய்தி என்று நினைத்து இன்னொரு முறை காட்டும். பழைய தலைப்பும் புதியதும் அடுத்தடுத்துக் கிடப்பதைப் பார்த்தால், இடையில் அலுவலகத்தில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம். நடப்புச் செய்திகளைப் பொறுத்தவரை தொலைக்காட்சி விவாதங்களைவிட எனக்கு இதில்தான் விஷயம் அதிகம் கிடைக்கிறது.

சரி, மற்ற ஃபீடுக்கு வருவோம். 2006 செப்டம்பரில் ஃபேஸ்புக் நியூஸ் ஃபீட் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. வந்தவுடன் பயனர்களே பெரிய அளவில் எதிர்த்தார்கள், நிறுவனம் அந்தரங்க அமைப்புகளைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்துச் சமாதானப்படுத்தியது, பிறகு எல்லோரும் பழகிவிட்டோம். 2016-இல் இன்ஸ்டாகிராமும் நேர வரிசையை விட்டுவிட்டது, ட்விட்டரும் அதே ஆண்டில் அந்தப் பக்கம் திரும்பியது. எது முதலில் வர வேண்டும் என்பதைக் கணிப்பு நிரல் (அல்காரிதம்) முடிவு செய்யத் தொடங்கியது. 2022-இல் ஃபேஸ்புக் நியூஸ் என்ற முன்னொட்டை எடுத்துவிட்டு வெறும் ஃபீட் ஆக்கியது, பெயராவது உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்தது.

இதை ஓடை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. யாரோ ஒருவர் உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்து, எதைத் துப்பாமல் விழுங்குகிறீர்கள் என்று குறித்துவைத்து, அதையே மறுபடி உருட்டித் தருகிறார். ஊட்டுதல் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமா? மொழிபெயர்ப்புகளில் இதற்கு ஊட்டம் என்று போடுகிறார்கள். ஊட்டம் என்றால் நம் காதில் ஊட்டச்சத்துதான் விழுகிறது, ரீல்ஸுக்கு அவ்வளவு மரியாதை தேவையில்லை. ஊட்டு என்றே வைத்துக்கொள்ளலாம். பெயர்ச்சொல்லாக அது ஒன்றும் புதிதல்ல, கேரளத்தில் யானைகளுக்கு உணவளிக்கும் சடங்குக்கு ஆனையூட்டு என்றுதான் பெயர். தனியாகக் கேட்டால் புரியாது என்பவர்கள் கணிப்பூட்டு என்று சொல்லலாம். நண்பர் ஒருவர் நொறுக்குத்தீனி என்றே சொல்லிவிடலாம் என்கிறார், எனக்கு ஆட்சேபணை இல்லை, அகராதிக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

பெயரில் என்ன இருக்கிறது என்றால், நடப்புச் செய்தி என்று வரும்போது நிறையவே இருக்கிறது. 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழையில் சென்னை மூழ்கிக் கிடந்த நாள். அன்று கிடைத்த கொஞ்சநஞ்ச இணைப்பில் ஒரு சமூகத் தளத்தைத் திறந்தால், முதலில் வந்தது முந்தைய நாள் பதிவு, அடுத்தது 2015 வெள்ளத்தின் காணொளி, அதற்கு அடுத்தது ஏரி உடைந்ததாக ஒரு வதந்தி, அதற்கும் கீழேதான் எங்கள் பகுதித் தெருவில் தண்ணீர் எவ்வளவு என்று ஒருவர் பத்து நிமிடம் முன்பு போட்டது. ஊட்டின் நியாயப்படி இந்த வரிசை சரி, அதிகம் பேர் நின்று பார்த்ததெல்லாம் மேலே வந்திருக்கிறது. எனக்குத் தேவைப்பட்டதோ எது கடைசியாக வந்தது என்ற ஒரே தகவல்.

வேலையிலும் இதே கதைதான். 2024 ஜூலை 19-இல் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரு பழுதான புதுப்பிப்பு உலகம் முழுக்க விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது, சுமார் 85 லட்சம் கணினிகள் என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. அந்த மாதிரி நாளில் வாட்ஸ்அப்பில் ஹேக்கர், போர், சீனா என்று எல்லாம் வரும். மேகச் சேவைகள் (கிளவுட்) எது ஓடுகிறது, எது நின்றது என்று அறிவிக்கும் நிலைப் பக்கங்களுக்குப் பெரும்பாலும் ஓடை உண்டு, மென்பொருள் வெளியீடுகளுக்கும் உண்டு, நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் எந்தத் திட்டத்தின் வெளியீட்டுப் பக்கத்துக்கும் ஆட்டம் ஓடை இருக்கிறது. எங்கள் தொழிலில் இன்னும் இதை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் பழைய பாசம் ஒன்றும் இல்லை, விடியற்காலை மூன்று மணிக்கு எது உடைந்தது என்று சுவாரசியம் கலக்காமல் தெரிய வேண்டும்.

இந்த வேறுபாட்டைச் சட்டமும் கவனிக்கத் தொடங்கிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம், மிகப் பெரிய தளங்கள் ஆளைக் கணித்துப் பரிந்துரைக்காத ஒரு தெரிவையாவது கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது, 2023 ஆகஸ்டிலிருந்து அந்தத் தளங்களுக்கு அது நடைமுறையில் இருக்கிறது. தமிழில் சொன்னால், ஊட்டு வேண்டாம் என்பவருக்கு வேறு வழி கொடு என்கிறார்கள்.

ஓடைக்கும் குறை உண்டு, மறைக்க ஒன்றுமில்லை. வறண்டு போகும். சேர்த்து வைத்த தமிழ்ப் பதிவுகளில் பாதி ஆண்டுக்கணக்கில் அசைவற்றுக் கிடக்கின்றன. சில தளங்கள் ஓடையில் இரண்டு வரி மட்டும் விட்டு 'மேலும் படிக்க' என்று வாசலுக்கு இழுக்கின்றன. கூகுள் ரீடர் என்ற படிப்பான் 2013 ஜூலை 1-இல் மூடப்பட்டபோது பலர் இந்தப் பழக்கத்தையே விட்டார்கள், ஃபயர்ஃபாக்ஸும் 2018 டிசம்பரில் உலாவிக்குள் இருந்த ஓடை வசதியை எடுத்துவிட்டது. ஒலிப் பக்கம் மட்டும் கதை வேறு. வலையொலிகள், அதாவது பாட்காஸ்ட்கள், பெரும்பாலும் இன்றைக்கும் ஆர்எஸ்எஸ் ஓடையில்தான் வருகின்றன, கேட்பவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

தேடிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஓடும் தளமாக இருந்தால் முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடும் ஃபீட் என்ற ஆங்கிலச் சொல்லும் சேர்த்தால் பெரும்பாலும் ஓடை வந்துவிடும். பிபிசி தமிழுக்கு ஓடை உண்டு. யூடியூப் தடங்களுக்கும் (சேனல்) உண்டு, தடத்தின் அடையாள எண்ணைக் கண்டுபிடிப்பதுதான் கொஞ்சம் தொல்லை. பொத்தான் கண்ணில் படாவிட்டாலும் பக்கத்தின் மூல நிரலில் ஆங்கிலத்தில் rss என்று தேடினால் பெரும்பாலும் சுட்டி கிடைக்கும், நல்ல படிப்பான்களிடம் தளத்தின் முகவரியை மட்டும் கொடுத்தால் அவையே தேடி எடுத்துக்கொள்ளும்.