கூடு விட்டுக் கூடு பாயும் 29 கட்டளைகள்

சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் என்றொரு ஆசிரியர் இருந்தார். ஆப்பரேட்டிங் சிஸ்டம் எப்படி இயங்குகிறது என்பதைக் கரும்பலகையில் பெட்டி பெட்டியாக வரைந்து சொல்லித் தருவதில் அவருக்குத் திருப்தி இல்லை. நிஜமாகவே ஓடிக்கொண்டிருந்த யூனிக்ஸ் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் ஆறாம் பதிப்பில், கர்னல் எனப்படும் மையப் பகுதியின் மூலநிரலை எடுத்தார். மொத்தமே 10,000 வரிக்கும் குறைவு. வரிகளுக்கு எண் போட்டு அச்சிட்டு, கூடவே ஒரு விளக்கமும் எழுதி, 1976-77 வாக்கில் மாணவர்களிடம் கொடுத்துவிட்டார். மூலமும் உரையும் என்று நமக்குப் பழக்கமான அதே வடிவம்தான். 1979-இல் வந்த ஏழாம் பதிப்பின் உரிமம், மூலநிரலை வகுப்பில் பாடமாக வைக்கக் கூடாது என்றது. அதனால் லயன்ஸின் உரை ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்துப் பல ஆண்டுகள் கைமாறியது. முறையாக அச்சேற 1996 ஆனது.

அந்த நிரலின் 2238-ஆவது வரி ஒரு குறிப்பின் கடைசி வரி. ‘இது உங்களுக்குப் புரியும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை’ என்பது அதன் பொருள்.

அது நிற்கும் இடம், ஒரு ப்ராசஸை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை, நிறுத்திவிட்டு இன்னொன்றை ஓடவிடும் ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு). நாங்கள் நாலைந்து பேர் வாரம் ஒரு சாயங்காலம் கூடிக் கர்னல் வாசிக்கத் தொடங்கியபோது, நேராக இந்த விஷயத்துக்குத்தான் போனோம். இன்றைய லினக்ஸ் கர்னல் 3 கோடி வரிகளையும் தாண்டிவிட்டது; அதில் இறங்கினால் கரை தெரியாது. அதனால் நாங்கள் எடுத்துக்கொண்டது எக்ஸ்வி6. யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் அமைப்பை ஒட்டி, பாடம் நடத்துவதற்காகவே அமெரிக்காவின் எம்ஐடியில் 2006-இல் புதிதாக எழுதப்பட்ட கர்னல் அது. இப்போது ரிஸ்க்-வி என்ற வகை சிபியூவில் ஓடுகிறது.

சரி, ஒரு சிபியூதான் இருக்கிறது, ஓட வேண்டிய ப்ராசஸ்கள் பத்து இருக்கின்றன. எக்ஸ்வி6-இல் ஏறக்குறைய நொடிக்குப் பத்து முறை டைமர் குறுக்கிடும். ஓடிக்கொண்டிருந்த புரோகிராம் அப்படியே நிற்க, கட்டுப்பாடு கர்னலுக்கு வரும். புரோகிராமின் ரெஜிஸ்டர்கள் (சிபியூவுக்குள்ளேயே மதிப்புகளை வைக்கும் சிறு இடங்கள்) அனைத்தும் அந்த வாசலிலேயே பத்திரமாக எழுதி வைக்கப்படுகின்றன. இதுவரை யாருக்கும் குழப்பமில்லை. இதற்குப் பிறகு கர்னலுக்குள்ளேயே இன்னொரு மாற்றம் நடக்கிறது. அதைச் செய்வது ‘ஸ்விட்ச்’ என்ற ஃபங்ஷன். அதைத் திறந்து பார்த்தபோது எங்களுக்கு ஏமாற்றம்தான். சிபியூவின் கட்டளைகளை நேரடியாக எழுதும் அசெம்பிளி மொழியில் 29 கட்டளைகள். முதல் 14, பதினான்கு ரெஜிஸ்டர்களை நினைவகத்தில் ஓரிடத்தில் எழுதுகின்றன. அடுத்த 14, வேறோர் இடத்திலிருந்து அதே பதினான்கையும் நிரப்புகின்றன. கடைசிக் கட்டளை, ‘திரும்பு’. அவ்வளவுதான்.

ரிஸ்க்-வியில் 32 ரெஜிஸ்டர்கள் உண்டே, மற்றவை என்ன ஆயின? இந்த ஃபங்ஷனை அழைப்பது சி மொழியில் எழுதிய நிரல். ஓர் அழைப்பு முடிந்து திரும்பும்போது சில ரெஜிஸ்டர்களின் மதிப்பு அழிந்திருக்கலாம் என்பது, அந்த நிரலைச் சிபியூவின் கட்டளைகளாக மாற்றும் கம்பைலருக்குத் தெரியும். அவற்றில் தேவையானதை அதுவே முன்கூட்டி ஸ்டாக்கில், அதாவது அழைப்புகளின் கணக்கை வைத்திருக்கும் நினைவகப் பகுதியில், போட்டுவிடும். அழைக்கப்பட்டவர் காப்பாற்றித் தர வேண்டியவை 12. அவற்றோடு திரும்ப வேண்டிய முகவரியைச் சுமக்கும் ரெஜிஸ்டரும், ஸ்டாக் எங்கே இருக்கிறது என்று காட்டும் ரெஜிஸ்டரும் சேர்ந்து 14. இந்தக் கணக்கை எங்கள் குழுவில் வங்கி மென்பொருள் எழுதும் நண்பர் ஒருவர்தான் தாளில் போட்டுப் பார்த்துச் சொன்னார்.

வித்தை இருப்பது அந்தக் கடைசி இரண்டு ரெஜிஸ்டர்களில்தான். ஒரு ஃபங்ஷன் யார் அழைத்தார்களோ அவர்களிடம்தான் திரும்ப வேண்டும். நிரல் எழுதும் எவரும் சந்தேகிக்காத விதி இது. ஆனால் இங்கே நடுவழியில் திரும்பும் முகவரியே மாறிவிடுகிறது, ஸ்டாக்கும் மாறிவிடுகிறது. உள்ளே போனது ‘அ’ என்ற ப்ராசஸ். வெளியே வருவது ஷெட்யூலர், அடுத்து எந்த ப்ராசஸ் ஓட வேண்டும் என்று முடிவுசெய்யும் கர்னல் பகுதி. எப்போதோ ஷெட்யூலர் இதே ஃபங்ஷனை அழைத்துவிட்டுத் திரும்பாமல் நின்றதே, அந்த இடத்தில் இப்போது திரும்பி வருகிறது. அது ஒரு சுற்றுப் பார்த்து ‘ஆ’ என்ற ப்ராசஸைத் தேர்ந்தெடுத்து மறுபடி ஸ்விட்சை அழைக்கும். அங்கிருந்து ‘ஆ’ வெளியே வரும். சித்தர் கதைகளில் வரும் கூடு விட்டுக் கூடு பாய்தல்தான். சிபியூ என்ற உயிர் ஒன்றே, ஸ்டாக்குகள் கூடுகள். எந்தக் கூட்டுக்கும் தான் கைவிடப்பட்ட நேரம் தெரியாது. ‘அ’வைக் கேட்டால், ஒரு ஃபங்ஷனை அழைத்தேன், அது திரும்பியது என்றுதான் சொல்லும்.

இது புரிந்தபின் இன்னொரு முடிச்சும் அவிழ்கிறது. ஸ்விட்சுக்குள் போகும் முன் ‘அ’ தன்மேல் ஒரு லாக் (பூட்டு) போடுகிறது. அதைத் திறப்பது ஷெட்யூலர்! பூட்டியவரே திறக்க வேண்டும் என்று பாடப்புத்தகம் படித்தவர்களுக்கு இது கண்ணை உறுத்தும். ஆனால் பல சிபியூக்கள் உள்ள கணினியில், பாதிக் கூடு மாறிய நிலையில் இன்னொரு சிபியூ வந்து ‘அ’வை எடுத்து ஓட்டத் தொடங்கினால், ஒரே ஸ்டாக்கில் இரண்டு பேர் எழுதுவார்கள். மாற்றம் முழுசாக முடியும்வரை பூட்டு இருந்தே ஆக வேண்டும். முடிந்த பிறகு திறப்பதற்கு ‘அ’ அங்கே இல்லை.

அப்புறம், புதிதாகப் பிறந்த ப்ராசஸ்? அது ஸ்விட்சை ஒருமுறைகூட அழைத்ததில்லை. பின் எங்கே திரும்பும்? கர்னல் கூசாமல் ஒரு பொய் சொல்கிறது. திரும்பும் முகவரியின் இடத்தில் ஒரு ஃபங்ஷனின் முகவரியையும், ஸ்டாக் காட்டியின் இடத்தில் காலி ஸ்டாக்கின் உச்சியையும் எழுதி வைத்துவிடுகிறது. புதியது தன் வாழ்க்கையைத் தொடங்குவதே, தான் போகாத ஓர் இடத்திலிருந்து ‘திரும்பி’ வந்துதான். எனக்கு மொத்தக் கர்னலிலும் பிடித்த இடம் இது.

எக்ஸ்வி6 இதையெல்லாம் சுத்தமாகச் செய்கிறது. ஆறாம் பதிப்பு அப்படியில்லை. அங்கே, ஸ்வாப் செய்து (நினைவகத்திலிருந்து வட்டுக்கு மாற்றி) வெளியே அனுப்பப்பட்ட ஒரு ப்ராசஸ் மறுபடி ஓடும்போது, நிலையைச் சேமித்தது ஒரு ஃபங்ஷனாகவும் திரும்புவது வேறொரு ஃபங்ஷனாகவும் இருந்தது. 2238-ஆவது வரிக் குறிப்பு இதைப் பற்றியதுதான். அதைப் பலரும் திமிர் என்றே எடுத்துக்கொண்டார்கள். யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிச்சி பின்னாளில் கொடுத்த விளக்கம் வேறு: ‘இது பரீட்சைக்கு வராது’ என்கிற தொனியில் எழுதியதாம். அதோடு, அங்கே நடந்தது தங்களுக்கே முழுசாகப் புரிந்திருக்கவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். ஆறாம் பதிப்பு ஓடிய பிடிபி-11 கணினியின் கம்பைலர் எல்லா ஃபங்ஷனிலும் ஒரே மாதிரிதான் ரெஜிஸ்டர்களைச் சேமித்து மீட்டது. அதனால் யார் திரும்பினாலும் கணக்கு சரியாக வந்தது. யூனிக்ஸை இன்டர்டேட்டா என்ற வேறொரு கணினிக்குக் கொண்டுபோனபோது, அங்கே ஒவ்வொரு ஃபங்ஷனும் எத்தனை ரெஜிஸ்டர்களைச் சேமித்ததோ அதற்கேற்பத் திரும்பும் விதமும் மாறியது. ஒருவர் பூட்டிய பெட்டியை இன்னொருவரின் சாவி திறக்கவில்லை. ரிச்சியும் அவரோடு யூனிக்ஸை உருவாக்கிய கென் தாம்ப்சனும் அந்தப் பிழையோடு மல்லுக்கட்டிய பிறகு, கூடு மாறும் முறையையே மாற்றி எழுதினார்கள்.