31 டிகிரி அறையில் ஒரு கணினி

கடந்த ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் என் அக்காள் மகன் சிங்கப்பூரின் மின்னணுக் கடைத்தொகுதியான சிம் லிம் ஸ்குவேரில் மாடி மாடியாக ஏறி இறங்கிப் பாகங்களை வாங்கி, வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே ஒரு மேசைக் கணினியைப் பொருத்தி முடித்தான். பாடவேலைக்கு அது எந்தக் குறையுமின்றி ஓடியது. விளையாட்டைத் திறந்தால் மட்டும், பத்து நிமிடம் ஆவதற்குள், கோளாறைச் சொல்லும் நீலத்திரையோ எச்சரிக்கையோ எதுவுமில்லாமல் விளக்கை அணைத்ததுபோல் நின்றுவிடும். "சூடுதான் மாமா காரணம்" என்று சொல்லி மேலும் இரண்டு விசிறிகளை வாங்கிப் பூட்டினான், அப்போதும் நின்றது. அவன் சந்தேகப்பட்டதில் நியாயம் இருந்தது, கை வைத்த பாகம்தான் வேறு.

கணினி வாங்குவோர் குளிர்விப்பு ஒரு செலவு, பவர் சப்ளை என்னும் மின்வழங்கி இன்னொரு செலவு என்று தனித்தனியே எழுதிக்கொள்வார்கள். ஆனால் சுவரிலிருந்து பெட்டிக்குள் நுழையும் மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளியேற வேண்டும் என்பதால், எத்தனை வாட் உள்ளே போகிறது என்பதும் எத்தனை வாட் சூட்டை வெளியே தள்ள வேண்டும் என்பதும் ஒரே கேள்விதான். கணினியின் மூளையான செயலிக்குள், நுண்ணிய மின்சுவிட்சுகளான கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் நிலை மாறும் ஒவ்வொரு முறையும் மிகச் சிறிய அளவு மின்னேற்றம் ஏறி இறங்குகிறது. அதில் செலவாகும் திறன், வினாடிக்கு எத்தனை முறை மாறுகிறது என்னும் அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் உயரும். அதிர்வெண்ணைக் கூட்டுவதற்கு மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருப்பதால், ஒரு செயலியின் கடைசிச் சில விழுக்காட்டு வேகத்தைப் பெறுவதற்கே வெப்பம் மிக அதிகமாகக் கிளம்புகிறது.

அவனுடைய கணினியையே எடுத்துக்கொள்வோம். ரைசன் 5 7600 செயலியின் பெட்டியில் 65 வாட் என்று இருக்கும். முழுச் சுமையில் அது 88 வாட் வரை இழுக்க அனுமதி உண்டு. திரையில் படங்களை வரையும் ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்டுக்கு 200 வாட். பாகங்களை இணைக்கும் மதர்போர்டு, நினைவகம், சேமிப்பகம், விசிறிகள் எல்லாவற்றுக்கும் தாராளமாக 60 வாட் ஒதுக்கினால், மொத்தம் ஏறத்தாழ 350 வாட்.

இந்த 350 வாட்டை எந்தக் காற்றில் கொட்டுகிறோம் என்பதில்தான் சிங்கப்பூரின் பங்கு வருகிறது. வெப்பம் தானாகச் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கே பாயும். ஆகவே விசிறியாலும் தண்ணீராலும் செய்யும் எந்தக் குளிர்விப்பும் அறையின் வெப்பநிலைக்குக் கீழே போகாது. அறைக்கு மேல் எத்தனை டிகிரி ஏறுகிறது என்பதை மட்டுமே அது தீர்மானிக்கும். இணையத்தில் வரும் சோதனைகள் பல, 20 முதல் 22 டிகிரி செல்சியஸ் வரையிலான அறைகளில் செய்யப்பட்டவை. நம் அடுக்குமாடி வீட்டில் குளிரூட்டி போடாத பிற்பகலில் 31 டிகிரி சாதாரணம். நடுஇரவில்கூட 25க்குக் கீழே இறங்குவது அரிது. அந்தச் சோதனைகளில் பார்க்கும் ஒவ்வோர் எண்ணோடும் ஒன்பதைக் கூட்டிப் படிப்பது என் வழக்கம்.

முதலில் பெட்டிக்குள் போகும் காற்று. ஒரு கிலோகிராம் காற்றை ஒரு டிகிரி சூடேற்ற ஏறத்தாழ 1,000 ஜூல் தேவை. ஒரு கன மீட்டர் காற்றின் எடையோ நம் வெப்பநிலையில் 1.15 கிலோகிராம் அளவுதான். பெட்டிக்குள் நுழையும் காற்று 10 டிகிரி மட்டுமே சூடேறி வெளியேற வேண்டுமென்றால், 350 வாட்டுக்கு வினாடிக்கு 30 லிட்டர் காற்று ஓட வேண்டும். 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்று திறந்தவெளியில் வினாடிக்கு 24 லிட்டர் தள்ளும் என்று விளம்பரத்தில் இருக்கும். தூசி வடிகட்டி, முன்பக்கத் தகடு, கம்பிக் குவியல் ஆகியவற்றைத் தாண்டும்போது அதில் பாதி கிடைத்தால் போதும் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. எனவே முன்னால் இரண்டு அல்லது மூன்று, பின்னால் ஒன்று. காற்று வழி அடைபட்டு வினாடிக்கு 10 லிட்டர்தான் ஓடினால் ஏற்றம் 30 டிகிரியாகும். 31 டிகிரி அறையில் பெட்டிக்குள் 61 டிகிரிக் காற்று நிற்கும். முகப்பில் முழுக் கண்ணாடி வைத்து வண்ண விளக்கெரியும் பெட்டிகளை நான் வாங்கச் சொல்லாததற்கு இதுவே காரணம். சல்லடை முகப்புள்ள பெட்டி அழகில் சற்றுக் குறைந்தாலும் மூச்சு விடும்.

விசிறி எந்தப் பக்கம் ஊதுகிறது என்ற ஐயம் பலருக்கு வரும். இறக்கைகளைத் தாங்கும் குறுக்குக் கம்பிகள் உள்ள பக்கமே பொதுவாகக் காற்று வெளிவரும் பக்கம். ஒரு டிஷ்யூ தாளை முன்னால் பிடித்தால் அது ஒட்டிக்கொள்கிறதா பறக்கிறதா என்று பார்த்துவிடலாம். அவன் புதிதாகப் பூட்டிய இரண்டில் ஒன்று பின்புறத்திலிருந்து காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

அடுத்தது செயலியின் மேல் உட்கார்ந்து, அதன் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் தகட்டுத் தொகுதியான ஹீட் சிங்க். செயலியின் உலோக மூடியும் ஹீட் சிங்கின் அடித்தளமும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும், நுண்ணிய மேடு பள்ளங்களுக்கு இடையே காற்று சிக்கிக்கொள்ளும். செம்பின் வெப்பக் கடத்துத்திறன் ஏறத்தாழ 400 என்றால், அதே அலகில் காற்றுக்கு 0.026 மட்டுமே. அந்தக் காற்றை விரட்டத்தான் தெர்மல் பேஸ்ட் என்னும் வெப்பம் கடத்தும் பசை. ஆனால் பேஸ்டின் மதிப்பும் ஒற்றை இலக்கத்தை ஒட்டியே இருக்கும். காற்றுக்கு முன்னால் அது வள்ளல், செம்புக்கு முன்னால் கஞ்சன். ஆகவே நடுவில் ஒரு பட்டாணி அளவு வைத்து அழுத்தினால் போதும், தோசைக்கு எண்ணெய் விடுவதுபோல் சுற்றி ஊற்ற வேண்டியதில்லை. அங்கிருந்து தகடுகள் வரை வெப்பத்தைக் கொண்டுபோகும் செப்புக் குழாய்களுக்குள், குறைந்த அழுத்தத்தில் அடைத்த சிறிதளவு நீர் இருக்கிறது. சூடான முனையில் ஆவியாகி, குளிர்ந்த முனையில் மீண்டும் நீராகி, குழாயின் உட்சுவரிலுள்ள நுண்துளைகள் வழியாக விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் திரும்பி வருகிறது.

செயலிச் சில்லிலிருந்து காற்று வரை மொத்தமாக ஒரு வாட்டுக்குக் கால் டிகிரி ஏறும் கோபுர வகை ஹீட் சிங்க் ஒன்றை வைத்துக் கணக்கிடுவோம். 88 வாட்டுக்கு 22 டிகிரி. பெட்டிக்குள் காற்று 41 என்றால் செயலி 63 டிகிரியில் நிற்கும். அதன் வரம்பு 95 என்பதால் கவலையில்லை. அதே ஹீட் சிங்கை, 253 வாட் வரை இழுக்கும் கோர் ஐ9 14900கே மீது வைத்தால் ஏற்றம் 63 டிகிரி. 22 டிகிரி அறையில் பெட்டிக் காற்று 32, செயலி 95; வரம்பான 100ஐத் தொடாமல் தப்பிவிடும். நம் அறையில் கணக்கு 104 வரை போக வேண்டும், போகாது. அதற்கு முன்பே செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பணம் கொடுத்து வாங்கிய வேகம் கைக்கு வராது. இத்தகைய செயலிகளுக்குத்தான் 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் கொண்ட நீர்க்குளிர்விப்பு பொருத்தமானது; 88 வாட் செயலிக்கு அது ஆடம்பரம்.

கவனிக்க வேண்டியது: அதிக வெப்பத்தில் செயலி மெதுவாகும், திடீரென்று நிற்பது அபூர்வம். கணினி சொல்லாமல் கொள்ளாமல் அணைந்தால் மின்வழங்கியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அவனுடையதைத் திருப்பிப் பார்த்தபோது, பெட்டியில் கொட்டை எழுத்தில் 650 வாட் என்றிருந்தது. மின்வழங்கி வெவ்வேறு மின்னழுத்தங்களில் தனித்தனி வரிசைகளாக மின்சாரம் தரும்; பக்கவாட்டுச் சீட்டில் அவற்றுள் 12 வோல்ட் வரிசைக்கு 35 ஆம்பியர். 12ஐ 35ஆல் பெருக்கினால் 420 வாட். செயலியும் கிராபிக்ஸ் கார்டும் ஏறத்தாழ முழுவதுமாக 12 வோல்ட்டையே நம்பியிருக்கும்போது, மற்ற வரிசைகளைக் கூட்டிக் காட்டும் 650 என்ற எண்ணால் பயனில்லை. நேர்மையான 650 வாட் மின்வழங்கியில் அந்த இடத்தில் 54 ஆம்பியர் அளவில் இருக்கும்.

420 என்றாலும் 350ஐ விட அதிகம்தானே என்று அவன் கேட்டான். 350 என்பது சராசரி. கிராபிக்ஸ் கார்டு தன் சுமையை மாற்றும்போது, வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்துக்கு, தன் அளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு மின்னோட்டத்தை இழுக்கக்கூடும். மின்வழங்கியின் பாதுகாப்புச் சுற்று அதைக் கோளாறு என்று எண்ணி எல்லாவற்றையும் நிறுத்திவிடும். இதை உணர்ந்துதான் 2022இல் இன்டெல் வெளியிட்ட, மின்வழங்கிகளுக்கான ஏடிஎக்ஸ் 3.0 வரையறை, அதற்கேற்ற மின்வழங்கிகள் 100 மைக்ரோவினாடிக்குத் தம் மதிப்பில் இரு மடங்கைத் தாங்க வேண்டும் என்று கேட்கிறது. கிராபிக்ஸ் கார்டின் நிறுவனமே 4070க்கு 650 வாட்டைப் பரிந்துரைப்பது இந்த இடைவெளிக்காகத்தான்.

சீட்டில் பார்க்க வேண்டிய இன்னொரு எண், அந்த வாட் மதிப்பு எந்த வெப்பநிலைக்குச் சொல்லப்பட்டது என்பது. தரமானவை 50 டிகிரிக்கு உறுதி தரும். மலிவானவை 40க்கோ அதற்கும் குறைவாகவோ. நம் வீட்டில் பெட்டிக் காற்றே 41 என்று பார்த்தோம். உள்ளே மின்னேற்றத்தைச் சேமித்து வைக்கும் மின்பகுளி மின்தேக்கிகளின் ஆயுள், வெப்பநிலை 10 டிகிரி குறையும்போதெல்லாம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது மின்னணுப் பொறியாளர்களின் கைக்கணக்கு. எனவே 105 டிகிரித் தர மின்தேக்கிகளுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது வீண் அல்ல. பெட்டியின் அடியில் மின்வழங்கியைக் கவிழ்த்துப் பொருத்தி, அதன் விசிறி தரையோரக் காற்றை நேராக இழுக்கும்படி விட்டால், கிராபிக்ஸ் கார்டின் சூட்டில் அது வேகாது. கம்பளத்தின் மேல் மட்டும் வைக்கக்கூடாது.

சுவரிலிருந்து இழுப்பதில் எவ்வளவு பாகங்களுக்குப் போய்ச் சேர்கிறது என்பதற்கான 80 பிளஸ் சான்றில், பாதிச் சுமைக்கு வெண்கலத் தரம் 85 விழுக்காடு, தங்கத் தரம் 90 விழுக்காடு. இவை 115 வோல்ட் சோதனை எண்கள், நம் 230 வோல்ட்டில் இன்னும் சற்று மேம்படும். 350 வாட்டுக்குச் சுவரிலிருந்து முறையே 412, 389 வாட். வித்தியாசம் 23 வாட். நாளுக்கு நான்கு மணி நேரம் விளையாடினால், ஒரு கிலோவாட் மணிக்கு 30 காசு என்ற கணக்கில் ஆண்டுக்குப் பத்து வெள்ளி. மின்கட்டணத்துக்காக மட்டும் தங்கம் வாங்க வேண்டியதில்லை. தங்கத் தரத்தில் உள்ளிருக்கும் பாகங்களும் பெரும்பாலும் நன்றாக இருக்கும் என்பதே என் காரணம்.

அந்த 389 வாட்டும் கடைசியில் படுக்கையறையில்தான் தங்கும். 9,000 பிடியு குளிரூட்டியின் திறன் ஏறத்தாழ 2,600 வாட்; அதில் ஏழில் ஒரு பங்கைக் கணினியே தின்றுவிடும். கதவைச் சாத்தி விசிறியை மட்டும் ஓட்டும் இரவில் இது தோலில் தெரியும்.

பராமரிப்பில் நம் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. தாளிக்கும் எண்ணெய்ப் புகையும் சாம்பிராணிப் புகையும் விசிறி இறக்கைகளில் பிசுக்காகப் படிய, அதன் மேல் தூசி ஒட்டிக்கொண்டு தூரிகைக்கு அசையாமல் நிற்கும். ஆகவே வடிகட்டிகளை மாதம் ஒருமுறை கழற்றிச் சோப்பு நீரில் கழுவி, இந்த ஈரப்பதத்தில் ஒரு முழு இரவு உலரவிட்டுப் பொருத்த வேண்டும். மின்வழங்கியை மட்டும் வெளியிலிருந்து காற்றூதித் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். செருகியைப் பிடுங்கிய பிறகும் அதன் பெரிய மின்தேக்கியில் 400 வோல்ட்டை ஒட்டிய மின்னழுத்தம் சிறிது நேரம் தங்கியிருக்கும், திருகுகளைக் கழற்றக்கூடாது.