ஒரு சிரை, இரண்டு மூளை

தலை ஒட்டிப் பிறந்த குழந்தைகளைப் பிரிக்க ஏன் மாதக்கணக்கில் மூன்று நான்கு அறுவை சிகிச்சைகள், ஒரே நாளில் முடிக்கக் கூடாதா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

ஒரே கரு இரண்டாகப் பிரியும் வேலை பாதியில் நின்றால் இப்படிப் பிறக்கிறார்கள். இதில் சாபமும் இல்லை, தாயின் தவறும் இல்லை. நெஞ்சு, வயிற்றுப் பகுதி ஒட்டியிருப்பதே அதிகம். பொதுவாக இருக்கும் கல்லீரலை வெட்டிப் பிரித்தாலும் வளர்ந்துவிடும். இதயத் தசை ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் பிரிக்க வழியில்லை.

தலையில் எலும்பைவிடப் பெரிய சிக்கல், ரத்தம் திரும்பும் பாதைதான். மூளையின் அசுத்த ரத்தத்தில் பெரும்பங்கை உச்சந்தலைக்குக் கீழே, மூளை உறைக்குள் ஓடும் பெருஞ்சிரை வாங்கிக்கொள்கிறது. தலை ஒட்டிய இரட்டையரில் பலருக்கு இது பொதுச் சிரை. நீளவாக்கில் பிளந்து ஆளுக்குப் பாதி தர முடியாது; பெரும்பாலும் ஒரு குழந்தைக்கே போகும். மற்றக் குழந்தையின் தமனிகள் ரத்தத்தை அனுப்பிக்கொண்டே இருக்க, வெளியேற வழி அடைபடும். அழுத்தம் ஏறும், மூளை வீங்கும், நுண்குழாய்கள் வெடிக்கும். கொஞ்சம் ரத்தம் போனாலே ஆபத்து: பத்து கிலோ குழந்தையின் மொத்த ரத்தமே சுமார் 800 மில்லிலிட்டர்தான்.

அதனால்தான் தவணை முறை. முதல் கட்டத்தில் சில கிளைச் சிரைகளை மட்டும் கட்டிவிட்டுத் தலையை மூடிவிடுவார்கள். அழுத்தம் சற்றே ஏறும். அந்தச் சிறு நெருக்கடியே மருந்து! மூளையின் ஆழத்தில் நூல்போலக் கிடந்த சிரைகள் வாரக்கணக்கில் விரிந்து, சுமையை ஏற்கின்றன. சாயம் செலுத்திப் படமெடுத்து உறுதிசெய்த பிறகே அடுத்த கட்டம். இடையில் தோலுக்கடியில் சிலிக்கோன் பை வைத்து, சிறிது சிறிதாக உப்புநீர் ஏற்றி, காயத்தை மூடத் தேவையான தோலையும் வளர்க்கிறார்கள். ஒருவருக்குச் செலுத்தும் மயக்க மருந்து மற்றவருக்கும் போய்விடக்கூடும் என்பதால் இரண்டு மயக்கவியல் குழுக்கள், குழந்தைக்கொரு நிறத்தில் குழாய்கள்.

நியூயார்க்கில் மூளை அறுவை மருத்துவர் ஜேம்ஸ் குட்ரிச்சின் குழு 2003 அக்டோபரில் தொடங்கி 2004 ஆகஸ்டில், நான்கு கட்டங்களாக இரு சகோதரர்களைப் பிரித்தது, இருவரும் பிழைத்தார்கள். அதற்குச் சற்று முன், 2003 ஜூலையில், சிங்கப்பூரில் ஈரானின் லாடன், லாலே பிஜானி சகோதரிகளை ஒரே தொடர் அறுவையில் பிரித்தார்கள். வயது 29. தொடைச் சிரையை எடுத்து மாற்றுப்பாதை வைத்தும், ரத்த இழப்பில் இருவரும் இறந்தார்கள். ஆனால் ஆபத்தைத் தெரிந்தே, தாங்களாகக் கேட்டுக்கொண்டவர்கள் அவர்கள்.

குழந்தையால் அப்படிக் கேட்க முடியாது. பெருஞ்சிரை யாருக்கு என்று தீர்மானிக்கும் நொடியில் உடற்கூறியல் அறக்கேள்வியாகிவிடுகிறது. 2000-இல் 'ஜோடி', 'மேரி' என்ற மாற்றுப் பெயர்களில் ஒட்டிப் பிறந்த இரு குழந்தைகளைப் பிரிக்கலாமா என்று இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. மேரியின் இதயமும் நுரையீரலும் செயலற்றவை. ஜோடியின் இதயமே இருவருக்கும் உழைத்தது. விட்டிருந்தால் சில மாதங்களில் இருவரும் இறப்பார்கள் என்பது மருத்துவர்கள் கணிப்பு. பெற்றோர் மறுத்தும் நீதிபதிகள் அனுமதித்தார்கள். மேரி இறந்தாள், ஜோடி பிழைத்தாள். அந்தத் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன்.

ஆனால் அதே நியாயத்தை எல்லோருக்கும் நீட்டக் கூடாது. இருவர் உயிரும் ஆபத்தில் இல்லாதபோது, பார்ப்பவர் கண்ணுக்கு 'இயல்பாக' இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு மூளையைப் பணயம் வைக்கலாகாது. சாங், எங் சகோதரர்கள் 1811 முதல் 1874 வரை ஒட்டியே வாழ்ந்து, மணமுடித்து, பிள்ளைகளும் பெற்றவர்கள். இதயச் செயலிழப்பு, குடல் அடைப்பு போன்ற அவசரம் இல்லையென்றால் காத்திருப்பதே பாதுகாப்பு. அவசரமாகப் பிரிக்கும்போது இறப்பு மிக அதிகம். எந்தக் கிளைச் சிரையை எப்போது கட்டினார்கள், எது விரிந்தது, எது விரியவில்லை என்று தோல்வி உட்பட எல்லா அறுவைகளையும் பதியும் ஒரு பொது ஏட்டுக்கு அரசுகள் பணம் ஒதுக்க வேண்டும். உலகிலேயே சில டஜன் முறை மட்டும் நடந்திருக்கும் சிகிச்சையில், ஒவ்வொரு குழுவும் முதலிலிருந்து கற்றுக்கொள்ளக் கூடாது.