பீட்டா-3இன் இடுக்கில் எட்டோமிடேட்

மயக்க மருத்துவர் உடைக்கும் எட்டோமிடேட் குப்பியில் 10 மில்லிலிட்டர் திரவம் இருக்கும். அதில் மருந்து 20 மில்லிகிராம். கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் என்று கணக்கிட்டால், 60 கிலோ எடையுள்ளவருக்கு 9 மில்லிலிட்டர் போதும். சிரைவழி ஏற்றிய ஒரு நிமிடத்துக்குள் நினைவு போய்விடும். ஐந்து முதல் பத்து நிமிடத்தில் திரும்பும். இரத்த அழுத்தத்தை அவ்வளவாக இறக்காது என்பதால், இதயம் பலவீனமானவர்களுக்கு இதைத் தேர்ந்தெடுப்பார்கள்.

இதே மருந்துதான் ‘கேபோட்’ என்ற பெயரில் சிங்கப்பூரின் மின்சிகரெட்டுகளுக்குள் புகுந்தது. பறிமுதல் செய்த நூற்றுக்கும் மேற்பட்ட மின்சிகரெட்டுகளைச் சோதித்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் எட்டோமிடேட் இருந்ததாக, 2025 ஜூலையில் சுகாதார அமைச்சர் ஓங் யி காங் தெரிவித்தார். அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் அது போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டத்தின் சி வகையில் சேர்ந்தது. அதே வகையில் முன்பிருந்தே இருப்பது நிமெட்டஸெபாம் என்ற தூக்க மாத்திரை. ‘எரிமின்-5’ என்றால் பலருக்குச் சட்டெனப் புரியும். இரண்டும் மூளையில் பிடிப்பது ஒரே புரதத்தை. பிடிக்கும் இடம்தான் வேறு. அவசர சிகிச்சைப் பிரிவில் அந்த இடம் எது என்பதைப் பொறுத்தே எல்லாம் மாறுகிறது.

நரம்பணுவின் சவ்வில் பதிந்திருக்கும் அந்தப் புரதத்தின் பெயர் காபா-ஏ ஏற்பி. ஆரஞ்சுச் சுளைகளைப் போல ஐந்து துணையலகுகள் வட்டமாக நிற்க, நடுவே ஒரு துளை. மனித உடலில் மொத்தம் 19 வகைத் துணையலகுகள் உண்டு. மூளையில் அதிகம் காணப்படும் கூட்டணி இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா, ஒரு காமா. பக்கத்து நரம்பணு காபா என்ற அடக்கும் வேதிப்பொருளைச் சுரந்தால், அது சவ்வுக்கு வெளியே பீட்டாவும் ஆல்ஃபாவும் சந்திக்கும் இரண்டு இடுக்குகளில் போய் உட்காரும். துளை திறக்கும், குளோரைடு அயனிகள் உள்ளே பாயும். எதிர் மின்னூட்டம் ஏறிய நரம்பணுவைத் தூண்டுவது கடினமாகிவிடும். மூளையின் பிரேக் என்று இதைச் சொல்வது வழக்கம். ஆனால் இது ஒற்றை பிரேக் அல்ல. கோடிக்கணக்கான சிறு பிரேக்குகள், ஒவ்வொன்றும் சில மில்லிவினாடிகளே அழுத்தப்படுபவை.

எரிமின், டயஸெபாம் போன்ற பென்சோடயஸெபீன்கள் உட்காருவது ஆல்ஃபாவுக்கும் காமாவுக்கும் நடுவே. அங்கிருந்தபடி காபாவின் பிடியை அவை வலுவாக்கும். காபா இல்லாமல் துளையைத் திறக்க அவற்றால் முடியாது. தனியாகச் சாப்பிட்டால் இவை உயிரைப் பறிப்பது அரிது என்பதற்கும், மதுவோடு சேர்ந்தால் கதை மாறுவதற்கும் காரணம் இதில் இருக்கிறது.

எட்டோமிடேட் இன்னும் ஆழத்துக்குப் போகிறது. சவ்வின் கொழுப்புக்குள் புதைந்திருக்கும் பகுதியில், பீட்டாவும் ஆல்ஃபாவும் உரசிக்கொள்ளும் இரண்டு இடுக்குகள் அதன் இருப்பிடம். கொஞ்சம் போனால் காபாவுக்கு உதவும்; அதிகம் போனால் காபாவே இல்லாவிட்டாலும் துளையைத் தானே திறந்துவிடும்.

இந்த இடுக்கை அடையாளம் கண்ட விதம் அழகானது. பீட்டா துணையலகின் வகைகளான பீட்டா-2, பீட்டா-3 ஆகிய இரண்டிலும் 265ஆம் இடத்தில் இருக்கும் அமினோ அமிலம் ஆஸ்பராஜின். பீட்டா-1இல் அதே இடத்தில் செரின். அங்கே எட்டோமிடேட்டின் வீரியம் பல மடங்கு குறைவு. 2003இல் வெளியான இரண்டு எலி ஆய்வுகள் இதை உயிருள்ள மூளையிலேயே காட்டின. பீட்டா-3இன் அந்த ஒரே ஓர் அமினோ அமிலத்தை மெத்தியோனினாக மாற்றிய எலிகளுக்கு எட்டோமிடேட் கொடுத்தபோது, பாதத்தைக் கிள்ளினால் காலை இழுத்துக்கொண்டன. மல்லாந்து கிடக்கும் நேரமும் வெகுவாகச் சுருங்கியது. பீட்டா-2இல் அந்த அமினோ அமிலத்தைச் செரினாக மாற்றிய எலிகளோ மயங்கின. ஆனால் குறைந்த அளவில் வரும் சொக்கல் அவற்றுக்கு வரவில்லை. சொக்க வைப்பது பெரும்பாலும் பீட்டா-2, வலிக்கே அசையாதபடி கிடத்துவது பீட்டா-3 என்று பிரிந்தது வேலை.

கேபோட் இழுத்தவர் முதலில் துவள்வதும், இன்னும் இழுத்தால் நின்ற இடத்திலேயே சரிவதும் இந்த வரிசைப்படிதான். நுரையீரலிலிருந்து மூளைக்குச் சில வினாடிப் பயணம். ஒரு இழுப்பில் எத்தனை மில்லிகிராம் என்பது இழுப்பவருக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. கை கால் வெட்டி இழுப்பதைப் பார்த்து வலிப்பு என்று பயப்படுவார்கள். அறுவை அரங்கிலும் முன்மருந்து இல்லாமல் இதைக் கொடுத்தால் மூன்றில் ஒருவருக்கு மேல் அப்படித் துடிப்பதுண்டு. (இன்னொரு ஒற்றுமை: ஊசி மருந்தைக் கரைக்கப் பயன்படும் புரொப்பிலீன் கிளைக்கால்தான் மின்சிகரெட் திரவத்திலும் அடிப்படை. கலப்பவருக்கு வேலை சுலபமாகிவிட்டது.)

எரிமின் அதிகமாகிவிட்டால் ஃபுளூமஸெனில் என்ற முறிமருந்து உண்டு. ஆல்ஃபா-காமா இடுக்கிலிருந்து பென்சோடயஸெபீனைத் தள்ளிவிட்டு அது உட்கார்ந்துகொள்ளும். எட்டோமிடேட்டின் இடுக்குக்கு அது போகாது. ஹெராயினுக்கான நலோக்சோனும் உதவாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூச்சுப்பாதையைத் திறந்து வைத்து, ஆம்புலன்சுக்கு 995ஐ அழைக்க வேண்டியதுதான். பிறகு கல்லீரலின் எஸ்டரேஸ் நொதிகள் அதை உடைத்து முடிக்கும்வரை மூச்சைக் காப்பாற்றுவதே சிகிச்சை. கூடவே மது குடித்தாரா, மாத்திரை எதுவும் போட்டாரா என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். எட்டோமிடேட் மட்டும் என்றால் மூச்சு ஓரளவு தாங்கும். கூட்டு சேர்ந்தால் நின்றுபோகலாம்.

மயக்கம் தெளிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று நினைத்தால் அங்கேயும் ஒரு பொறி. எட்டோமிடேட்டின் இமிடசோல் வளையத்தில் உள்ள ஒரு நைட்ரஜன், அட்ரினல் சுரப்பியில் 11-பீட்டா-ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதியின் இரும்பைக் கவ்விக்கொள்ளும். நெருக்கடியில் உடலைத் தாங்கும் ஹார்மோனான கார்டிசாலின் உற்பத்தியில் கடைசிப் படி அந்த நொதி. (நொதியின் பெயரில் வரும் பீட்டா வேறு, துணையலகின் பீட்டா வேறு.) உறங்க வைக்கத் தேவையானதைவிட மிகக் குறைந்த அளவே இந்த நொதியை முடக்கப் போதும், ஒரே ஊசிகூடப் பல மணி நேரம் கார்டிசாலை அடக்கிவிடும். 1983இல் கிளாஸ்கோ மருத்துவர்கள், தீவிர சிகிச்சையில் எட்டோமிடேட்டைத் தொடர்ந்து செலுத்தி உறங்க வைக்கப்பட்ட காயமடைந்தோரிடையே இறப்பு கூடியிருப்பதைக் கவனித்து எழுதினார்கள். தொடர்ந்து செலுத்தி உறங்க வைக்கும் வழக்கம் அதோடு ஓய்ந்தது. கேபோட்டை நாள்தோறும் இழுப்பவர் செய்வது அந்தக் கைவிடப்பட்ட சிகிச்சையைத்தான். காய்ச்சல் வந்தாலும் அடிபட்டாலும் ஈடுகொடுக்கக் கார்டிசால் இருக்காது. அதற்கு முந்தைய படிப் பொருள்கள் தேங்குவதால் பொட்டாசியமும் இறங்கலாம். ஆகவே தொடர்ந்து இழுத்தவருக்குக் கார்டிசால், பொட்டாசியம் இரண்டையும் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் கார்டிசாலுக்கு ஈடான ஹைட்ரோகார்டிசோன் கொடுக்க வேண்டும்.

இடுக்கை விட்டுவிடாமல் நொதியை மட்டும் விடும் மூலக்கூறு கிடைக்காதா? அந்தக் குற்றவாளி நைட்ரஜனை எடுத்துவிட்டுக் கார்பனை வைத்ததே கார்போஎட்டோமிடேட். அட்ரினலை அடக்கும் சக்தி ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்றாகச் சரிந்தது. ஆனால் மயக்கம் வர நேரமாகிறது, நீரில் கரையவும் அடம்பிடிக்கிறது. அதனால் அறுவை அரங்குகளில் இன்றும் உடைபடுவது பழைய குப்பிதான்.